பின்சீட்டில் இடமில்லை

நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் என் தம்பியிடம் கேட்கலாம். அவன் சொல்ல மாட்டான். பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். தலை நரைத்த பிறகும் மோட்டார் பைக் மெக்கானிக்காகவே இருக்கிறவன். இன்றைக்கும் கடை நடத்துகிறான். பஞ்சர் ஒட்டுவான், ஆயில் மாற்றுவான், பிரேக் பார்ப்பான். செயினைத் தொட மாட்டான். "வேற கடையைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவான். ஏன் என்று கேட்டால், "எங்கக்காகிட்ட கேளுங்க" என்பான்.

சரி, நானே சொல்கிறேன்.

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. நல்ல வெயில். தெருவில் ஆள் நடமாட்டம். வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. வாசலில் நின்று "வாங்க" என்று கூப்பிட்டவளே நான்தான்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது விளங்கும். எங்கள் வீட்டின் முன் அறைதான் தம்பியின் கடை. செயின் வேலை எது வந்தாலும் கடைசியில் ஒரு குரல் வரும்.

"அக்கா, வந்து உக்காரு."

அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அந்த வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்காருவேன். வண்டி சும்மா நிற்கும்போது செயின் தளர்ந்திருக்கும்; ஆள் உட்கார்ந்தால் இறுகும். அளவுக்கு மீறி இறுகினால் பல்சக்கரத்தைத் தின்னும், பேரிங்கைத் தின்னும். மற்ற கடைகளில் காலி வண்டியை நிறுத்தி, ரெண்டு விரல் தளர்வு இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். இவன் ஆளை ஏற்றிப் பார்ப்பான். அந்த ஆள் நான்.

"எங்கக்கா எழுபத்திரண்டு கிலோ. கூடவும் மாட்டா, குறையவும் மாட்டா. தராசு பொய் சொல்லும், அவ பொய் சொல்ல மாட்டா" என்று வருகிறவர்களிடம் பெருமையடிப்பான்.

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா" என்பேன். ஆனாலும் உட்காருவேன். இப்படி எத்தனையோ வண்டிகள். எல்லாச் சீட்டும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வந்தது என் மாப்பிள்ளையின் வண்டி.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் என் மகள் தனியாக வந்து சேர்ந்திருந்தாள். பொழுது சாயும் நேரம். கையில் பை இல்லை. உள்ளே வந்து சுவர் ஓரமாக நின்றாள்.

"என்னடி, தனியா வர்ற? மாப்பிள்ளை எங்க?"

"வண்டியில சத்தம் வருது, உன் கனம் தாங்கல, எறங்கி நடன்னாரு. நடந்தேன்."

"எங்கருந்து?"

"பெரிய ரோட்டுலருந்து."

பெரிய ரோடு இங்கே இருக்கிறதா? பஸ்ஸில் வந்தாலே அரை மணி நேரம். அவள் செருப்பைப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தூசி இல்லை. நெற்றியில் வியர்வை இல்லை. யாரோ பாதி வழி ஏற்றிவந்து விட்டிருப்பார்கள், சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டினவளை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறவன் மனுஷனா?

"இனிமே அந்தப் பக்கமே போகாத" என்றேன்.

"போகலம்மா" என்றாள். உடனே சொன்னாள். புருஷனைப் பற்றி ஒரு சொல் சொன்னாலே என் மேல் சீறுகிறவள் அவள். அன்றைக்குச் சீறவில்லை.

தம்பிதான் என்னைத் திட்டினான். "புத்தி கெட்டுப் பேசாதக்கா. புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். வரட்டும், நாலு வார்த்தை கேட்டுட்டு அனுப்பி வை. எத்தனை நாளைக்கு வச்சிருப்ப?"

அவனே போன் பண்ணியும் சொன்னான். நாலாம் நாள் மாப்பிள்ளை வந்தார். தெரு முனையிலேயே சத்தம் கேட்டது.

கடக்... கடக்... கடக்...

வண்டியை நிறுத்தினார். முகம் கறுத்துப்போயிருந்தது. நாலு நாளில் நாற்பது நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி.

"வாங்க" என்றேன். வேறென்ன சொல்ல.

"தப்புதான் அத்தை. கோவத்துல வழியில எறக்கி விட்டுட்டேன். கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"வண்டி சத்தத்துக்குப் பொண்டாட்டியை எறக்கி விடுவீங்களா? நாளைக்கு வீட்டுக் கதவு கிறீச்சுன்னா என்ன பண்ணுவீங்க, என்னையும் எறக்குவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. என் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா... அவ எறங்கின பிறகும் சத்தம் நிக்கல."

"அப்ப எம்பொண்ணு கனம் இல்லைன்னு தெரிஞ்சுதா?" என்றேன்.

"கூடியிருக்கு அத்தை. சத்தம் கூடியிருக்கு."

என் மகள் உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தாள்.

தம்பி வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினான். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கையால் சுழற்றினான். ஆக்சிலை உருவி, செயினைத் தள்ளி, சக்கரத்தைக் கழற்றிக் கீழே சாய்த்தான். பல்சக்கரத்தைச் சக்கரத்திலிருந்து பிரித்ததும் உள்ளே இருந்து கறுப்புத் தூள் கொட்டியது. கப்ளிங் ரப்பர். இன்ஜின் இழுக்கிற இழுப்பு சக்கரத்தில் உதையாமல் இருக்க நடுவில் வைக்கிற ரப்பர் கட்டைகள். அவை கட்டையாகவே இல்லை. மென்று துப்பின மாதிரி கிடந்தன.

"எப்ப மாத்தினது?"

"போன வாரம்தான் மாமா. அதுக்கு முன்னாடி இதே மாசத்துல ஒரு தடவ."

"போன வாரமா? யாருகிட்ட கதை விடுறீங்க மாப்ளே? பல்லைப் பாருங்க, எல்லாம் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. பேரிங் அரைக்குது. இது மூணு வருஷம் மூட்டை ஏத்தின வண்டி."

"இந்த நாலு நாளா நான் ஒத்த ஆளாத்தான் ஓட்டுறேன்."

"ஒத்த ஆள் ஓட்டினா இப்படி ஆகாது."

மாப்பிள்ளை பின்சீட்டை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார். நான் பார்த்தேன்.

பேரிங், ரப்பர், பல்சக்கரம், செயின் எல்லாம் புதிது போட்டான். ரெண்டு விரல் தளர்வு வைத்தான். செயினை அழுத்திக் காட்டினான். மேலும் கீழும் நன்றாக ஆடியது. "இவ்வளவுதான்" என்றான். அப்போது மணி ஐந்தரை இருக்கும்.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான்.

க்ரீச்...

வண்டி பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தது போல.

தம்பி குனிந்தான். செயினைத் தொட்டான். கையை எடுத்தான். மறுபடி தொட்டான்.

"என்னடா?"

"கம்பி மாதிரி நிக்குது."

"இப்பத்தான ஆடுச்சு?"

"அதான் பாக்குறேன்."

மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினான். செயின் ஆடியது. இறக்கினான். க்ரீச். இறுகியது. சீட்டில் யாருமில்லை.

"ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு" என்றான். சீட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். அது இறங்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. ஸ்ப்ரிங் நன்றாகத்தான் இருந்தது. எனக்கே தெரிந்தது. அவனுக்குத் தெரியாதா?

"அக்கா, வந்து உக்காரு."

மாப்பிள்ளை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கால் வைத்து ஏறினேன். உட்கார்ந்தேன்.

உட்கார முடியவில்லை.

"நல்லா பின்னால தள்ளி உக்காருக்கா. டாங்க் மேலயா உக்காருவ?"

"இடம் இல்லடா."

"என்னது?"

"பின்னால இடம் இல்ல."

"சீட் காலியாத்தான இருக்கு?"

மாப்பிள்ளை அப்போது சிரித்தார். அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. "அம்மாவுக்கும் கனம், பொண்ணுக்கும் கனம். வண்டி பாவம்."

என் முதுகில் ஏதோ பட்டது.

முழங்கால். இரண்டு முழங்கால்கள். என் இடுப்புக்கு இரு பக்கமும்.

நான் அசையவில்லை. அசைந்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. தம்பி கீழே குந்தி ஆக்சில் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தான். எந்தக் கனம் இருக்கிறதோ அந்தக் கனத்துக்குச் செயினை வைப்பவன் அவன். வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு கை என் தோளைப் பிடித்தது. மெல்லப் பிடித்தது. விழுந்துவிடுவோமோ என்று பயந்து பிடிக்கிற பிடி.

அப்புறம் ஒரு கன்னம். என் முதுகில் சாய்ந்தது.

ஈரமாக இருந்தது.

"போதுமாக்கா? கால் வச்சுப் பாரு. இறுக்கமா தெரியுதா?" தம்பி கேட்டான்.

என் வாய் திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் தளத்துங்க மாமா."

தம்பி தலை நிமிராமலே, "உன்னை யாருடி கேட்டா? மெக்கானிக் நீயா நானா?" என்றான். ஒரு சுற்று தளர்த்தினான்.

என் மகள் உள்ளறைக் கதவருகில் இருந்தாள். பதினைந்தடி தூரம்.

"நான் ஒண்ணும் சொல்லலியே மாமா" என்றாள்.

தம்பியின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. மெதுவாக நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

குரல் அவன் தலைக்கு நேர் மேலே இருந்து வந்தது. அவனுக்கும் தெரியும்.

நான் குதித்தேன். எப்படிக் குதித்தேனோ. முழங்கை பின்னால் போய் எதன் மேலோ இடித்தது. மெத்தென்று இருந்தது. "சீ! போ! எங்கருந்து வந்தியோ அங்கயே போய்த் தொலை! என் பொண்ணை விட்டுடு!" என்று கத்தினேன். துப்பினேன். எச்சில் சீட்டில் விழவில்லை. சீட்டுக்கு ஒரு முழம் மேலே... நின்றது.

பிறகு வழிந்தது.

மாப்பிள்ளை இதைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தம்பியை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"இவளை அந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

"அக்கா... உனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லு. பேயை இழுக்காத."

"நீ கேட்டியா இல்லியா?"

"நான் ஒண்ணும் கேக்கல."

"உன் கை ஏன் நடுங்குது?"

"நட்டு டைட்டு."

அவ்வளவுதான். அவன் வெளியே போய் நட்டை முறுக்கினான். வண்டியை ஸ்டார்ட் பண்ணித் தெரு முனை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தான். சத்தமே இல்லை. பட்டு மாதிரி ஓடியது. அது எந்தக் கனத்தோடு வந்ததோ அந்தக் கனத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. இறங்கும்போது தம்பியின் சட்டை முதுகில் நனைந்திருந்தது. கன்னம் அளவுக்கு.

"வா, போலாம்" என்றார் மாப்பிள்ளை என் மகளிடம்.

நான் குறுக்கே நின்றேன். "அவ நாளைக்கு பஸ்ல வருவா."

"அத்தை, நான் தப்பை ஒத்துக்கிட்டேன். கால்ல விழணுமா?"

"நீங்க எதுல வேணா விழுங்க. இவ வரமாட்டா."

என் மகள் என்னைத் தள்ளிவிட்டு வந்தாள். வண்டியருகில் நின்றாள். காலி சீட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம். யாரோடோ கண்ணோடு கண் பார்ப்பது போல.

சிரித்தாள்.

"நீங்க போங்க" என்றாள். "நான் இங்கயே இருக்கேன். அதான் வண்டி சரியாயிடுச்சே. கூட்டிட்டுப் போங்க."

"யாரை?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை போனார். அந்த வண்டி தெரு முனையில் திரும்பும் வரை பார்த்தேன். பின்பக்கம் தாழ்ந்தே போனது. என் மகள் தப்பித்தாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

எட்டு மணி இருக்கும். போன் அடித்தது. சம்பந்தியம்மாள்.

"மருமக வந்து சேந்துட்டா. போன் பண்ணிச் சொல்லச் சொன்னா, அதான் கூப்பிட்டேன்."

என் மகள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு... யாரு வந்து சேந்தா?"

"என்ன கேள்வி சம்பந்தி இது? உங்க பொண்ணுதான். வந்ததும் வராததுமா குளிக்கப் போயிட்டா. ஒரே மண்ணு. உடம்பெல்லாம் சிராய்ப்பு. உங்க வீட்டுல வச்சு நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க."

மறுநாள் விடிந்ததும் தம்பியும் நானும் போனோம். மகளைக் கூப்பிட்டோம். "எனக்கு எதுக்கு?" என்றாள்.

அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றது. தம்பிக்குக் கை சும்மா இருக்காதே. குனிந்து செயினைத் தொட்டான். தொங்கியது. நாலு விரலுக்குத் தொங்கியது.

"எறங்கிடுச்சுக்கா" என்றான்.

சம்பந்தியம்மாள் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "நேத்துதான அனுப்புனீங்க? அதுக்குள்ள என்ன அவசரம்? இருங்க, குளிக்கிறா."

"நேத்து ராத்திரிதான குளிச்சான்னு சொன்னீங்க?"

"மண்ணு போகலியாம்."

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நின்றது. குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்தது. துண்டுக்காக ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் சுடுதண்ணீர் பட்ட தழும்பு. ஆறு வயதில் என் மகளுக்குப் பட்டது. அதே அளவு. அதே வடிவம்.

வலது கை.

என் கால் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. தம்பி என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் என் மகளின் கையைப் பிடித்துப் பார்த்தேன். தழும்பு இருந்தது. அதே அளவு. அதே வடிவம்.

இடது கை.

பெற்றவள் நான். மருந்து போட்டவள் நான். எந்தக் கையில் பட்டது என்று எனக்கு... நினைவில்லை. தம்பியைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. அவளையே கேட்டேன். "உனக்கே தெரியலன்னா எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

இதெல்லாம் நடந்து வருடம் ஒன்றாகிறது. அவள் இங்கேதான் இருக்கிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், சொன்ன பேச்சுக் கேட்கிறாள். புருஷன் பேச்சே எடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

போன வாரம் மாப்பிள்ளை போன் பண்ணினார். மத்தியானம். நான் முன் அறையில் இருந்தேன். குரலே மாறியிருந்தது. கிழவன் மாதிரி.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லுங்க."

"அன்னைக்குப் பெரிய ரோட்டுல... எறங்கி நடன்னு சொன்னேன். கோவத்துல சொன்னேன்."

"தெரியும். எறக்கி விட்டீங்க."

"இல்ல அத்தை."

"என்ன இல்ல?"

"நான் வண்டியை நிறுத்தவே இல்ல."

"வேகமாத்தான் போயிட்டிருந்தேன். கடக்குனு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன்... சீட்டுல ஆள் இல்ல. பின்னாடி லாரி வந்துட்டிருந்துச்சு. பயந்துட்டேன். திரும்பிப் போகல. வீட்டுக்குப் போயிட்டேன். நாலு நாள் பேப்பர் பார்த்தேன். ஒண்ணும் வரல. அப்புறம் உங்க வீட்டுல இருக்கான்னு மாமா போன் பண்ணாரு. எப்படி இருப்பான்னு... பாக்கத்தான் அத்தை வந்தேன்."

போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

அப்போதுதான் சமையலறையிலிருந்து என் மகள் குரல் கொடுத்தாள்.

"யாரு போன்ல?"

ஒரு காதில் அது கேட்டது.

அதே நேரம், அதே குரலில், அதே இழுப்போடு, போனுக்குள்ளிருந்து மறு காதிலும் கேட்டது.

"யாரு போன்ல?"